விளங்காத சத்துக்குறைவும் சிறுகுடலின் சாட்சியமும்

தேகத்தில் இரும்போ, ஃபோலிக் அமிலமோ, வைட்டமின் டியோ குறைந்திருப்பதாக இரத்தப் பரிசோதனை காட்டிய மாத்திரத்தில், அந்தக் குறையை மாத்திரைகளால் ஈடுசெய்துவிட்டுச் சிகிச்சை பூர்த்தியாயிற்றென்று கருதுவது நெடுநாளாக வேரூன்றிவிட்ட வழக்கம். சத்துள்ள ஆகாரம் போதாமை, உதிரப்போக்கு என்னும் இரண்டு காரணங்களே பெரும்பாலோரிடம் காணப்படுவதால், இவ்வழக்கத்தை முற்றிலும் பிழையென்று சொல்லிவிட முடியாது. ஆயினும், நல்ல ஆகாரம் உண்டும், உதிரம் சிறிதும் வீணாகாதிருந்தும், மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் குறை நீங்காத நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்களிடத்தில் உண்ட பொருளைப் பற்றி விசாரித்தால் போதாது, அதை ஏற்க வேண்டிய குடலைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். இத்தகைய குறையைத் தனி வியாதியாகக் கொள்ளாமல், கோதுமை முதலிய தானியங்களால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோயின் அறிகுறியாக இருக்கக்கூடுமென்று எண்ணிப் பார்ப்பது வைத்தியரின் கடமை என்பதும், அக்கடமை கோதுமை உண்ணும் பிரதேசங்களோடு முடிந்துவிடுவதன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இந்நோயைப் பற்றிய பழைய சித்திரமே அதை அடையாளம் காண்பதற்குத் தடையாக நிற்கிறது. 1887-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ நிகழ்த்தி, மறு ஆண்டில் அச்சேறிய சொற்பொழிவு, உடல் நாளுக்கு நாள் மெலிய, வெளுத்த மலம் ஏராளமாகக் கழியும் குழந்தையை வைத்திய உலகின் கண்முன் நிறுத்திற்று. இது எல்லா வயதினரையும் பற்றும் நோயென்று அவரே சொல்லியிருந்தும், பின்வந்தோர் மனத்தில் தங்கியது குழந்தையும் பேதியுமே. குணமாவதாயின் ஆகாரத்தாலேயே ஆக வேண்டும் என்பதையும் அவர் கண்டார். ஹாலந்து தேசத்துச் சிப்பிகளைத் தின்ற காலத்தில் வியக்கத்தக்கவாறு தேறிய ஒரு குழந்தை, சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததைக் குறித்தும் வைத்தார். விலக்க வேண்டியது எது என்னும் வினாவுக்கு விடை தந்தவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரேல் டிக்கே. கோதுமையின்மீது 1930களிலேயே அவர் கொண்ட சந்தேகம், ரொட்டி அரிதாகிப்போன 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் வலுப்பெற்று, 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேட்டில் நிரூபணமாயிற்று.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் முற்றும் ஜீரணமாவதில்லை. எச்சமாக நிற்கும் துண்டுகளைக் குடற்சுவரிலுள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி சற்றே மாற்றிவிடுகிறது; எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்னும் மரபுக்கூறுகளைப் பரம்பரையாகப் பெற்ற சிலரிடத்தில், தேகத்தின் காவற்படையே அத்துண்டுகளைப் பகையாக எண்ணி, குடலின் உட்புறத்தையும் சேர்த்துத் தாக்குகிறது. ஆரோக்கியமான சிறுகுடலின் உட்பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால், விரல்போன்ற உறிஞ்சிகள் நெருங்கி நிற்கும்; இந்நோயில் அவை குட்டையாகித் தேய்ந்து, முற்றிய நிலையில் மொட்டையான தளமாகவே ஆகிவிடும், அவற்றின் அடியிலுள்ள குழிகள் மட்டும் ஆழ்ந்து நீளும்.

இச்சேதம் பொதுவாகக் குடலின் மேற்பகுதியிலேயே மிகுந்திருப்பதும், இரும்பு பெரும்பாலும் முன்சிறுகுடலில், ஃபோலிக் அமிலம் அதை அடுத்த பகுதியில் உறிஞ்சப்படுவதும் சேர்த்து நோக்கத்தக்கவை. மேற்பகுதி சிதைந்தபோதிலும் நீண்ட கீழ்ப்பகுதி பழுதின்றி இருந்து, நீரையும் கொழுப்பையும் ஏற்றுக்கொள்ளுமாயின், பேதி தோன்றாது. இரத்தசோகை மட்டுமே தோன்றும். ஆகவே வயிற்றுக் கோளாறு இல்லை என்பது குடல் நலமாயிருப்பதற்கு அத்தாட்சியாகாது. எலும்புத் தேய்வு, ஆறாத வாய்ப்புண், மகப்பேறின்மை, பற்சிப்பியின் குறைபாடு, காரணமின்றி உயர்ந்த கல்லீரல் நொதிகள், முழங்கை முழங்கால்களில் தினவெடுக்கும் கொப்புளங்கள், நடை தள்ளாட்டம் ஆகிய யாவும் இதே நோயின் வெளிப்பாடுகளாக வரலாம். இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிபுணரை நாடும் நோயாளியிடத்தில், இவை அனைத்தும் ஒரே வேரின் கிளைகள் என்று கண்டு சொல்வாரின்றி ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுள்ளவர்கள். அவர்கள் எல்லோரிடத்திலும் இந்நோயைத் தேடுவது சாத்தியமோ, நியாயமோ? சாத்தியமன்று, நியாயமும் அன்று. வறுமையும் மாதவிடாயும் கொக்கிப்புழுவுமே இந்நாட்டில் முதற்காரணங்கள். சந்தேகிக்க வேண்டியது, அவற்றைப் பரிகரித்த பின்னும் எஞ்சி நிற்கும் குறையையே. ஆனால் அரிசி உண்ணும் நாம் இக்கவலைக்கு முற்றும் அப்பாற்பட்டவர்கள் என்னும் அபிப்பிராயத்தை ஒப்புவதற்கில்லை. 2016-இல் வெளியான ஆய்வொன்றில், இந்நோய்க்குரிய எதிர்ப்புப் பொருள் வட இந்தியரில் 1.23 சதவிகிதத்தினரிடமும், வடகிழக்கில் 0.87 சதவிகிதத்தினரிடமும், தென்னாட்டில் 0.10 சதவிகிதத்தினரிடமும் காணப்பட்டது. மரபுக்கூறோ வடக்கே 38.1, தெற்கே 36.4 சதவிகிதம் என ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். வடகிழக்கிலும் கோதுமை 37 கிராமே ஆதலால், தானியத்தின் அளவு ஒன்றே யாவற்றையும் விளக்கிவிடாது. எனினும், நம்மைக் காத்து நிற்பது நம் பிறப்பன்று, பெரும்பாலும் நம் உணவே என்று கொள்ள இது இடம் தருகிறது. சப்பாத்தியும் பரோட்டாவும் இரவுணவாக நிலைத்துவிட்ட வீடுகளில் இக்காவல் எவ்வளவு காலம் ஸ்திரமாக நிற்கும் என்பது கருதத்தக்கது.

நோய் நிர்ணயத்தில் அவசரமும் ஆகாது. உறிஞ்சிகள் தேய்ந்திருப்பது சீலியாக் நோய்க்கு மட்டுமே உரிய அடையாளமன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பேக்கரும் மாத்தனும் விரிவாக ஆராய்ந்த வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயிலும் அவை சிதைகின்றன, அதன் சிகிச்சையோ வேறு. ஆதலால் டிரான்ஸ்குளூட்டமினேசுக்கு எதிரான ஐஜிஏ எதிர்ப்புப் பொருளையும், ஐஜிஏயின் மொத்த அளவையும் முதலில் சோதித்து, பெரியவர்களிடத்தில் முன்சிறுகுடலின் திசுத் துணுக்குகளையும் பார்த்தே முடிவு செய்வது முறை. சோதனை முடியும்வரை நோயாளி கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்திவிட்டால் எதிர்ப்புப் பொருள் குறைந்து, குடலும் தேறத் தொடங்கி, உண்மை மறைந்துவிடும். தாமாகவே கோதுமையை விலக்கிப் பார்ப்போருக்கு இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

நோய் உறுதிப்பட்டால் குளூட்டனை ஆயுள் முழுவதும் விலக்குவதே சிகிச்சை. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றில் அது இல்லையாதலால் தமிழர் சமையலறை இதற்கு இடங்கொடுக்கும். ஆனால் ரவை, சேமியா, மைதா மட்டுமின்றி, கோதுமை மாவு கலந்து விற்கப்படும் கூட்டுப் பெருங்காயமும் விலக்கத்தக்கது. நாள்தோறும் சாம்பாரில் விழும் அச்சிட்டிகையும் சிகிச்சையைக் கெடுக்கக்கூடும்.

ஆகவே நடைமுறைக்கு ஒரு விதியை முன்வைக்கிறேன். இரும்பு மாத்திரையை முறையாக நான்கு வாரம் உட்கொண்டும் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது உயராதவரிடத்தில், உதிரப்போக்கு இல்லையென்று தெளிந்தபின், மாத்திரையின் பெயரை மாற்றுவதற்கும் ஊசிக்குப் போவதற்கும் முன்னதாக, இந்த எதிர்ப்புப் பொருட் சோதனையைச் செய்துவிட வேண்டும். நோய் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் அதையே செய்ய வேண்டும். இது வடக்கே வழக்கமாகவும் தெற்கே நினைவிலிருந்து நழுவாத நியதியாகவும் அமையுமாயின், கட்டுப்படுத்தத்தக்க ஒரு நோயோடு காரணமறியாமல் வாழ்நாளைக் கழிப்போரின் தொகை நிச்சயமாகக் குறையும்.