ஜெர்மனியில் கற்ற பாடம்

கடல் கடந்து கற்கச் செல்வோர்க்கு உணவும் உறையுளுமே முதற் கவலை என்பது யாவரும் அறிந்ததே. எனினும், அயல்நாட்டில் காலூன்றுதல் அவ்விரண்டோடு முடிவதன்று. அந்நாட்டு அறிவைக் கொள்ளுங்கால், அந்நாட்டார் கொண்ட தப்பெண்ணங்களையும் உடன் கொள்ளுவதா என்னும் கேள்வி எழுகின்றது. இதற்குத் தக்க விடையொன்றைப் பெர்லின் நகரில் கற்ற ஓர் இந்தியப் பெண்மணியின் வரலாற்றில் நாம் காண்கின்றோம்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்திய மாணவர் பெரிதும் இங்கிலாந்தையே நாடினர். முதல் உலக யுத்தத்திற்குப் பின்னர்ச் சிலர் ஜெர்மனியை விரும்பினர். பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவரான ஜாகிர் உசேன் பெர்லின் சர்வகலாசாலையில் 1926-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ராம் மனோகர் லோகியா உப்பு வரியைப் பற்றி அங்கே ஆராய்ந்தார். ஆங்கிலம் மட்டும் அறிந்து சென்றவர்க்கு அங்கே வகுப்பறை விளங்காது. ஆகலின் ஜெர்மன் மொழி பயிலுதலே அவர்தம் முதற் பாடமாயிற்று.

நிற்க. 1920-களின் பிற்பகுதியில் பெர்லின் சென்றவர் ஐராவதி கார்வே அம்மையார். 1905-இல் பர்மாவில் பிறந்த அவர்க்கு அந்நாட்டுப் பேராற்றின் பெயரையே இட்டனர். விதவைகளின் மறுமணத்திற்காக உழைத்த தோண்டோ கேசவ கார்வே அவருடைய மாமனார். அத்தகைய சீர்திருத்தவாதியே மருமகளின் பயணத்தை ஆதரித்தாரில்லை! கணவர் தினகர் கார்வேயோ, தாமும் ஜெர்மனியில் ரசாயனம் கற்றவராதலின், மனமுவந்து அனுப்பினார். பெண் கல்விக்குப் பேச்சு மட்டும் போதாது, வீட்டாரின் துணிவும் வேண்டுமென்பதற்கு இது சான்றன்றோ?

அம்மையார் சேர்ந்த மானிடவியல் ஆராய்ச்சி நிலையம் 1927-இல் நிறுவப்பெற்றது. அதன் தலைவர் ஓய்கன் பிஷர். வெள்ளையர் அறிவில் உயர்ந்தோர் என்றும், அவ்வுயர்வு மண்டையோட்டின் இரு பக்கமும் ஒவ்வாதிருக்கும் அமைப்பிலேயே புலப்படும் என்றும் கருதியவர் அவர். அதனை ஆராயும் பணி அம்மையாரிடம் வந்தது. ஐரோப்பியரும் பிறருமான மக்களின் 149 மண்டையோடுகளை அவர் அளந்தார். இனத்திற்கும் அவ்வமைப்பிற்கும் யாதொரு தொடர்பும் இல்லையெனக் கண்டார். கண்டதைக் கண்டவாறே ஜெர்மன் மொழியில் எழுதினார். ஆசிரியர் மிகக் குறைந்த தரமே அளித்தார். ஆயினும் பட்டம் கிடைத்தது. அயல்நாட்டில் தனித்திருக்கும் மாணவி, தன் பட்டம் எவர் கையில் உள்ளதோ அவர் கருத்தையே மறுப்பது எளிய செயலாகுமா?

பின்னர் நிகழ்ந்ததை உலகம் அறியும். 1933-இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். பிஷர் அச்சர்வகலாசாலையின் தலைவரானார். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசிய 'விஞ்ஞானம்' லட்சக்கணக்கான மக்களின் அழிவிற்குத் துணை நின்றது.

2023-24-இல் ஏறத்தாழ 49,000 இந்திய மாணவர் ஜெர்மனியில் பயின்றனர். நம் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் எந்நாடு சென்றாலும் அந்நாட்டு மொழியை மனமாரக் கற்கட்டும். அவ்வூர்க் குளிருக்கும் உணவிற்கும் பழகட்டும். ஆனால், பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் என்று எவர் உரைப்பினும், அதனை அளந்து பாராமல் ஏற்க வேண்டாம். வெள்ளையரின் இனச் செருக்கிற்கு மட்டுமன்று, நம் வீட்டுச் சாதிச் செருக்கிற்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.