வீட்டுக்குள் இருந்த சட்டம்

வீட்டையே ஆபத்தாகக் காட்டும் குற்றக்கதைகளுக்கு ‘டொமஸ்டிக் நுவார்’ என்று 2013-இல் பெயரிட்டவர் ஆங்கில எழுத்தாளர் ஜூலியா கிரவுச். முந்தைய ஆண்டு ‘கான் கேர்ள்’ நாவல் பெரும் வெற்றி பெற்றிருந்ததால், இது நம் காலத்தின் வரவு என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இவ்வகைக் கதை விக்டோரியா கால இங்கிலாந்தின் திருமணச் சட்டத்திலிருந்து முளைத்தது. தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத மனைவியின் பணமும் சம்பாத்தியமும் அன்று கணவனையே சேர்ந்தன. 1857-இன் விவாகரத்துச் சட்டப்படி மனைவியின் திருமணம் மீறிய உறவு ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவியோ கணவனின் அத்தகைய உறவோடு கொடுமை, கைவிடல் போன்ற ஒன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பெண்ணை மனநோய் விடுதியில் அடைக்க, உறவினர் ஒருவரின் உத்தரவும் இரு மருத்துவர்களின் சான்றும் போதும். நீதிபதியின் கண்ணில் அது படவே வேண்டியதில்லை. 1858-இல் நாவலாசிரியரும் அமைச்சருமான புல்வர் லிட்டன், தன்னைப் பொதுமேடையில் சாடிய மனைவி ரோசினாவை அப்படித்தான் அடைத்தார். பத்திரிகைகள் கொதித்தெழுந்த பிறகே, சில வாரங்களில் அவர் விடுதலையானார்.

மறு ஆண்டு, சார்லஸ் டிக்கன்ஸின் இதழில் வில்கி காலின்ஸின் ‘தி வுமன் இன் வொயிட்’ தொடராக வரத் தொடங்கியது. அதன் நாயகி லாரா பிள்ளையின்றி இறந்தால் அவளுடைய 20,000 பவுண்டும் கணவன் பெர்சிவலுக்கே என்கிறது திருமண ஒப்பந்தம். குடும்ப வக்கீல் எதிர்க்கிறார். காப்பாளரான சித்தப்பாவோ தொல்லை விட்டால் போதுமென்று சம்மதிக்கிறார். கொடுமை அந்தக் கையொப்பத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இத்தகைய கதைகளை விற்பனைக்காக ஊதிப் பெருக்கிய பரபரப்பு என்று அன்றைய விமர்சகர்கள் இகழ்ந்தார்கள். ரோசினாவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பின் அதை எப்படி ஏற்பது? மனைவிகளும் குற்றம் செய்கிறார்களே என்பது இன்னும் வலுவான மறுப்பு. மேரி எலிசபெத் பிராடனின் நாவலில் (1862) வரும் லேடி ஆட்லி கணவன் உயிரோடிருக்கையில் மறுமணம் செய்கிறாள், கொலைக்கும் துணிகிறாள். ஆனால் கைக்குழந்தையோடு விட்டுப்போன கணவனிடமிருந்து விலக அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. கடைசியில் குடும்ப மானம் காக்க, வழக்கு விசாரணை ஏதுமின்றி, அவளையும் பெல்ஜியத்து மனநோய் விடுதியில் அடைக்கிறார்கள்.

1882-இல் மனைவிக்குச் சொத்துரிமை கிடைத்தது. ஆனாலும் இந்தக் கதைகள் ஓயவில்லை. ஏனென்றால் சொத்தைத் தொட்ட சட்டம் மனத்தின் மீதான ஆதிக்கத்தைத் தொடவில்லை. பேட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ நாடகத்தில் (1938) கணவன் பொருள்களை ஒளித்துவைத்து, மனைவிக்குப் புத்தி பேதலிக்கிறது என்று அவளையே நம்பவைக்கிறான். இத்தகைய தொடர் அடக்குமுறையைத் தனிக் குற்றமாக இங்கிலாந்து அறிவித்தது 2015-இல்தான்.