புகையில்லா அடுப்பு

புகையில்லா அடுப்பு என்பது தீ எரியும் அறையை மூடி, காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் தனித்தனியாக அமைத்துக் கட்டப்படும் விறகடுப்பு. பெயர் அப்படி இருந்தாலும் இதில் புகையே உண்டாகாது என்பதில்லை. விறகு கூடியவரை முழுமையாக எரிகிறது. எஞ்சும் புகை சமைப்பவரின் முகத்துக்கு வராமல் புகைபோக்கி வழியாக வெளியே போகிறது. இந்தியாவில் இவ்வடுப்பை ஊர்தோறும் கொண்டுசேர்க்கும் முயற்சி 1940-களில் தொடங்கியது.

பழைய அடுப்புகள்

மூன்று கற்களைக் கூட்டி நடுவில் தீ மூட்டுவதே மிகப் பழைய முறை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், எயினர் குலப் பெண் வாய் சிதைந்த பானையை உடைந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கும் காட்சி உள்ளது. பிற்காலத் தமிழ்நாட்டு வீடுகளில் களிமண்ணால் ஆன அடுப்பு நிலைபெற்றது. அதன் விளிம்பில் உள்ள மூன்று குமிழ்கள் பானையைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கும். அந்த இடைவெளி வழியாகத்தான் அனலும் புகையும் வெளியேறும். பக்கத்தில் ஒரு கொடியடுப்பு சேர்த்துக் கட்டினால், வீணாகும் அனலில் குழம்போ வெந்நீரோ சூடாகும்.

புகைக்கும் சில பயன்கள் இருந்தன. கூரையின் ஓலையில் பூச்சி சேராது. அடுப்புக்கு மேலே பரணில் வைத்த விதைகளை வண்டு அரிக்காது. ஆனால் இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஊதுகுழலை ஊதியபடி நாள்தோறும் சில மணி நேரம் அடுப்பின் முன் அமர்ந்த பெண்களும், அவர்கள் மடியில் இருந்த குழந்தைகளும். கண்ணெரிச்சல், தீராத இருமல், மூச்சிரைப்பு ஆகியவை சமையலோடு சேர்ந்தவை என்றே எண்ணப்பட்டன.

காற்றின் கணக்கு

விறகு எரியக் காற்று வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி. 1 கிலோ உலர்ந்த விறகு முழுமையாக எரியக் குறைந்தது 5 முதல் 6 கிலோ காற்று தேவை. அதாவது ஏறத்தாழ 4 முதல் 5 கன மீட்டர். 2.5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட அடுக்களையில் இருப்பது 12.5 கன மீட்டர் காற்று. ஏறக்குறைய 3 கிலோ விறகுக்கே அது சரியாகிவிடும். எனவே காற்று வெளியிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

காற்று போதாவிட்டால் விறகு புகைந்து கார்பன் மோனாக்சைடும் கரித்துகளும் உண்டாகின்றன. அளவுக்கு மிஞ்சிய குளிர்காற்று நுழைந்தாலோ தீயின் வெப்பம் குறைகிறது. புகைபோக்கி இந்த ஓட்டத்தை ஒழுங்குபடுத்துகிறது. சூடான புகை மேலே எழும்போது, அதன் இடத்தை நிரப்பப் புதிய காற்று அடுப்பு வாய் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. குழாயின் உயரமும் உள்ளிருக்கும் சூடும் கூடக்கூட இந்த இழுப்பு கூடும்.

மகன் சூலாவும் ஐதராபாத் அடுப்பும்

1934-ல் காந்தியின் முயற்சியால் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் செயலாளராகப் பணியாற்றியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா (1892–1960). வார்தாவில் இச்சங்கம் இயங்கிய இடம், மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி எனப்பட்டது. 1947-ல் அங்கிருந்து அறிமுகமான மண் அடுப்புக்கு ‘மகன் சூலா’ என்று பெயர். இதிலுள்ள ‘மகன்’ தமிழ்ச் சொல் அன்று, மகன்லாலின் பெயரே. ஒரே தீயில் பல பாத்திரங்களை வைக்கும் துளைகளும் புகைபோக்கியும் இதில் இருந்தன.

1950-களில் ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பி. ராஜு இன்னொரு மண் அடுப்பை வடிவமைத்தார். காற்றோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு தடுப்புத் தகடு சேர்க்கப்பட்டது. ‘கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறைகள்’ என்ற பொருள்படும் அவரது ஆங்கில நூலைச் சென்னைக் கிறித்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது.

1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா’ பிரிவு மூன்று பாத்திரங்களுக்கான ‘அஸ்த்ரா ஒலெ’யை உருவாக்கியது. ‘ஒலெ’ என்பது கன்னடத்தில் அடுப்பு; தமிழின் ‘உலை’க்கு உறவான சொல். தீயின் அடியில் இரும்புச் சல்லடை வைத்து, அதன் கீழிருந்து காற்று வரும்படி செய்தது இதன் சிறப்பு.

அடுப்பு அமைக்கும் முறை

இடம்: தரையைக் கெட்டித்துச் சமன் செய்து, செங்கல்லோ மண்ணோ கொண்டு மேடை எழுப்ப வேண்டும். அடுப்பு, புகைபோக்கி செல்லும் சுவரை ஒட்டியே அமைய வேண்டும். ஓலைக் கூரையானால் குழாயைச் சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையில் அனல் படாதபடி மேலே கொண்டுசெல்ல வேண்டும்.

மண்: களிமண்ணுடன் மணலும் நறுக்கிய வைக்கோலோ உமியோ சேர்த்துப் பிசைந்து புளிக்க வைப்பார்கள். இதனால் காயும்போது வெடிப்பு குறையும்.

துளைகள்: வீட்டில் அன்றாடம் புழங்கும் பாத்திரங்களை வைத்தே அளவெடுக்க வேண்டும். பாத்திரம் துளையில் பொருந்தாவிட்டால் அந்த இடுக்கு வழியாகப் புகை வெளிவரும். இரண்டாவது துளையில் பாத்திரம் இல்லாதபோது மூடி வைக்க வேண்டும்.

காற்றுவழி: சல்லடையின் கீழே சாம்பல் குவிந்தால் காற்று அடைபடும். அதனால் சாம்பலை நாள்தோறும் அள்ள வேண்டும். சமையலறையில் தாழ்வாகக் காற்று நுழைய ஓர் இடமும் உயரத்தில் ஒரு சாளரமும் இருப்பது நல்லது.

புகைபோக்கி: சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், கூரைக்கு மேல் 60 சென்டிமீட்டராவது உயர்ந்து, மழை புகாத தொப்பியுடன் இருக்க வேண்டும். உள்ளே படியும் புகைக்கரியை அவ்வப்போது தட்டி எடுக்க வேண்டும்.

புதிய அடுப்பை நிழலில் நன்கு காயவிட்டு, முதலில் சிறு சுள்ளிகளால் மட்டும் எரிக்க வேண்டும்.

தேசியத் திட்டமும் அதன் முடிவும்

மத்திய அரசு 1983-ல் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ல் அது முடிவுக்கு வருவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் மானியத்தில் அமைக்கப்பட்டன. ஆனால் கட்டிய அடுப்புகளின் எண்ணிக்கையே சாதனையாகக் கணக்கிடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து எத்தனை அடுப்புகள் எரிந்தன என்பது அதே அக்கறையுடன் பார்க்கப்படவில்லை. பல வீடுகளில் நீண்ட விறகு நுழையவில்லை என்று அடுப்பின் வாயை அகலப்படுத்தினார்கள்; காற்றின் கணக்கு கெட்டது. குழாய் கரியால் அடைபட்டது. புகை மீண்டும் அறைக்குள் வந்தது.

பிற்காலத்தில் ஒடிசா கிராமங்களில் ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. புதிய அடுப்பால் முதல் ஆண்டில் புகை குறைந்தது. பின்னர் பராமரிப்பும் பயன்பாடும் குறைந்ததால் அந்தப் பயன் மறைந்தது.

இலங்கையின் ‘அனகி’ அடுப்பு வேறு வழியில் சென்றது. இரண்டு பாத்திரங்களுக்கான இச்சுடுமண் அடுப்பில் புகைபோக்கி இல்லை. புகையை முற்றிலும் அகற்றுவதும் இல்லை. ஆனால் விறகைச் சிக்கனப்படுத்தியது. குயவர்கள் அதைச் செய்து சந்தையில் விற்றார்கள். உடைந்தால் மக்கள் மீண்டும் வாங்கினார்கள். அதனால் நிலைத்தது.

இன்றைய நிலை

2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் சமையல் எரிவாயு ஏழை வீடுகளிலும் நுழைந்தது. ஆயினும் நெல் அவிக்கவும் வெந்நீர் வைக்கவும், உருளை வாங்கப் பணமில்லாத நாட்களில் சமைக்கவும் விறகடுப்பு எரிகிறது. வீட்டுப் புகையால் 2020-ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

மகன்வாடி முதல் இன்றுவரையான அனுபவத்தில் ஒன்று தெளிவாகிறது. அடுப்பைக் கட்டித் தருவது பாதி வேலைதான். அதில் சமைப்பவரின் பாத்திரத்தையும் விறகையும் பார்த்து அளவெடுப்பதும், காற்று எங்கே வந்து எங்கே போகிறது என்பதை அவருக்கு விளக்குவதும், குழாயில் சேரும் கரியை எடுக்க வழி செய்வதும் மீதிப் பாதி.