உண்ட பின் தெரியும் நோய்

சர்க்கரை நோயாளி ஒருவர் இரத்தப் பரிசோதனைக்குச் சென்றால் இருமுறை இரத்தம் தரவேண்டும். முதலாவது, இரவு முழுதும் உண்ணாதிருந்து காலையில் தருவது. இரண்டாவது, உணவுண்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தருவது. நான் வாழும் கொரட்டூரில் முதலாவதைத் தந்துவிட்டு வீடு திரும்பிவிடுவோர் பலரைக் காண்கிறேன். காலை அளவு ஒழுங்காயிருந்தால் போதும், மற்றொன்று வீண் செலவு என்பது அவர்கள் எண்ணம். முதலாவதற்கு முந்திய இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல் இருந்து, பரிசோதகரை வென்றுவிட்டதாக மகிழ்வோரும் உளர்! இந்த இரண்டாவது கணக்கு எவ்வாறு மருத்துவத்துக்குள் வந்தது என்பதை அறிந்தால், அதை விட்டுவிட மனம் வராது.

இந்நோயின் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். கிரேக்கர் இதற்கு இட்ட பெயருக்கு, 'ஊடே கடந்து போவது' என்பது பொருள். குடித்த நீர் உடம்பில் தங்காது வெளியேறுகிறது என்பதே அவர்கள் கண்டது. அரபு மருத்துவர்கள் அச்சொல்லைத் 'தியாபீதஸ்' என்று எடுத்துக்கொண்டதோடு, 'தூலாப்' என்றும் அழைத்தனர். தூலாப் என்பது நீரிறைக்கும் சக்கரம். ஒருபுறம் மொண்டு மறுபுறம் கொட்டுகின்ற அச்சக்கரம் போலவே நோயாளி குடிப்பதும் கழிப்பதுமாக இருக்கிறார். நம் தமிழில் 'நீரிழிவு' என்றோம். இழிதல் என்றால் கீழிறங்கி வழிதல். கிரேக்கரும் அரபு மருத்துவரும் தமிழரும் ஒரே காட்சியைக் கண்டு ஒரே விதமாகப் பெயரிட்டிருப்பது வியப்புக்குரியது.

நீரைக் கண்டவர்கள் நோயைச் சிறுநீரகத்தில் தேடினர். பண்டைய கிரேக்க மருத்துவர் காலன் தம் வாழ்நாளில் இந்நோயை இருமுறைதான் கண்டதாக எழுதினார். எகிப்தில் மருத்துவம் செய்த மூஸா இப்னு மைமூன், மேற்கு நாடுகளில் தாம் இதைக் கண்டதில்லை என்றும், எகிப்தில் பத்தாண்டுகளில் இருபதுக்கு மேற்பட்டோரைக் கண்டதாகவும் எழுதிவைத்தார். நைல் நதி நீரின் இனிமை இதற்குக் காரணமாயிருக்கலாம் என்பது அவர் ஊகம். இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்-கானூன்' நூலில் இந்நோயைச் சிறுநீரகப் பகுதியிலேயே வைத்தார். எனினும், இந்நோயாளியின் சிறுநீரில் இனிய படிவு எஞ்சுவதையும், உறுப்பு அழுகுவதையும் அவர் கவனித்திருந்தார் என்று மருத்துவ வரலாற்றாசிரியர் கூறுவர். அவருக்குப் பின் வந்த அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி (மறைவு 1231) இந்நோய்க்கென்றே தனி நூல் இயற்றினார். அன்று அரிதாக இருந்த ஒரு நோய்க்கு அறிஞர் ஒருவர் தனி நூல் எழுதியது சாதாரணமன்று.

இனிப்பின் பக்கம் முந்திப் பார்த்தவர்கள் நம் நாட்டு ஆயுர்வேத மருத்துவர்கள். 'மதுமேகம்' என்று தேனின் பெயரையே அவர்கள் நோய்க்கு இட்டனர். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் குறித்தனர். அதைவிட முக்கியமாக, மிகுதியாய் உண்டு உழைப்பின்றி இருப்போரிடம் இது தோன்றுவதைச் சரகரும் சுசுருதரும் சொன்னார்கள். நோய்க்கும் சோற்றுக்கும் உள்ள தொடர்பு முதன்முதல் கண்ணில் பட்ட இடம் அது. ஆனால் உண்ட பின் எத்தனை நாழிகையில் என்ன நிகழ்கிறது என்று அளப்பதற்கு அவர்களிடம் கருவி இல்லை.

அளவை வந்தது பிற்காலத்தில். 1776-இல் ஆங்கில மருத்துவர் மேத்யூ டாப்சன் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார்; இரத்தத்தின் நீர்ப்பகுதியும் இனிப்பதைக் கண்டார். குற்றம் சிறுநீரகத்தினுடையதன்று என்பதற்கு அதுவே முதற் சாட்சி. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் நாயொன்றின் கணையத்தை அகற்ற, அதற்குச் சர்க்கரை நோய் கண்டது. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். மறு ஆண்டு ஜனவரியில் அது ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது.

இவை பலரும் அறிந்தவை. நம் வீடுகளுக்குள் நுழைந்ததோ பெனடிக்ட் கரைசல். 1908 வாக்கில் உருவான இந்த நீல நிற நீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் நலம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று மாறமாறச் சர்க்கரை கூடுதல். ஆனால் இதில் ஒரு மறைவு இருந்தது. இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடும். காலையில் 150 இருப்பவரின் குழாய் நீலமாகவே நிற்கும். உண்ட பின் அவருக்கு 250 ஆகியிருக்கலாம். அந்நேரம் அவர் குழாயைக் காய்ச்சியிருக்க மாட்டார். (இங்கு இரத்த அளவுகள் யாவும் 100 மில்லிலிட்டருக்குரியவை.)

இந்நோய்க்கு முறையான மருத்துவம் சென்னையில் வேரூன்றிய இடம் வடசென்னை. ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு கண்ட பேராசிரியர் எம். விசுவநாதன், பின்னர் ராயபுரத்தில் இதற்கென மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் உருவாக்கினார். ஆவடியிலிருந்து கடற்கரை நிலையம் செல்லும் மின்சார ரயிலில் கொரட்டூரில் ஏறி ராயபுரத்தில் இறங்கிவிடலாம். எங்கள் பகுதியினர் பலர் அவ்வாறே சென்று வந்தனர். 'சோற்றை விடு, சப்பாத்தி தின்' என்பது அன்று பரவலான அறிவுரை. கோதுமையும் மாவுச்சத்துதானே என்று யாரும் கேட்டிலர். விசுவநாதன், தென்னாட்டவர் உண்ணும் தானியத்தை அறவே விலக்காமல், அளவைக் கட்டுப்படுத்தி, நார்ச்சத்தும் பருப்பும் கூட்டி, கொழுப்பைக் குறைக்கும் உணவு முறையை வற்புறுத்தினார். நோயாளி கடைப்பிடிக்கக்கூடியதைச் சொல்வதே மருத்துவம் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கொரட்டூர் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். 1960களில் அருகே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. வயல்கள் வீட்டு மனைகளாயின. வரப்பில் நடந்தவரின் மகன் இயந்திரத்தின் முன் நின்றான். பேரன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை, தவிடு நீங்கி வெண்மையாயிற்று. 1980களின் இறுதியில் சென்னை நகரத்தில் வயது வந்தோரில் 8.2 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது, கிராமத்தில் 2.4 மட்டுமே. 2000 வாக்கில் நகரத்தில் 13.5 ஆயிற்று. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாடு முழுமைக்குமே 14.4 என்று கணக்கிட்டது.

உண்ட சோறு குடலில் சர்க்கரையாக உடைந்து இரத்தத்தில் சேர்கையில், நலமான கணையம் சில நிமிடங்களிலேயே இன்சுலினைப் பொழிகிறது. இந்நோயில் முதலில் தவறுவது இந்த விரைவுதான். பலரிடம் உண்ட பின் அளவு முதலில் ஏறுகிறது. காலை அளவு காலந்தாழ்ந்தே கெடுகிறது. எல்லா மாவுச்சத்தும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை என்பதை 1981-இல் டொராண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வரிசைப்படுத்திக் காட்டினர். பருப்பு வகைகள் மெல்ல ஏறுவன. தீட்டிய அரிசியில் பல வகை விரைந்து ஏறுவன. 1999-இல் ஐரோப்பாவில் 25,000க்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்தபோது, இரண்டு மணி நேர அளவு மிகுந்தோரிடம் காலை அளவு எவ்வாறிருப்பினும் இறப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் உண்ட பின் அளவை மட்டும் குறிவைத்து மருந்தால் குறைத்தால் மாரடைப்பு குறையும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. அகார்போஸ் மாத்திரையைக் கொண்டு சீனாவில் நடந்து 2017-இல் முடிவு வெளியான பெரிய ஆய்விலும் அது குறையவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'ஹெச்பி ஏ1சி' சோதனைக்கு அடிகோலியவர் சாமுவேல் ரஹ்பர் என்னும் ஈரானிய யூதர். 1960களின் இறுதியில் தெஹ்ரானில் அதைக் கண்டார். அவர் பிறந்த ஹமதான் நகரில்தான் இப்னு ஸீனா அடங்கியிருக்கிறார். 2003-இல் பிரான்சில் செய்யப்பட்ட ஆய்வொன்று, இச்சராசரி 7.3க்குக் கீழ் இருப்போரிடம் மிகைச் சர்க்கரையில் ஏறத்தாழ 70 விழுக்காடு பகலில் உண்ட பின் ஏறுவதால் வருவது என்று கண்டது. அதாவது, 'எனக்குக் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்பவரே இரண்டாவது இரத்தத்தைத் தவறாமல் தரவேண்டியவர்.

இரண்டு மணி என்பது முதற் கவளத்திலிருந்து எண்ணப்படுவது, கைகழுவியதிலிருந்து அன்று. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் நோயாளிக்கு 180க்குள் என்கிறது. உலக நீரிழிவுக் கூட்டமைப்பு 2011-இல் 160க்குள் என்றது. முதியோருக்கு இது தளர்த்தப்படும். மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னுக்குத் தள்ளுவதும், உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் ஏற்றத்தைத் தணிக்கின்றன. வலீமா விருந்தில் நெய்ச்சோற்றை இரண்டாம் முறை பரிமாறுபவரிடம் கைமறிப்பது மரியாதைக் குறைவென்று நம்மவர் கருதுவது மட்டும் இன்னும் மாறவில்லை.

ரமளானில் இக்கணக்கு இன்னும் கூர்மையாகிறது. இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளை 2001-இல் ஆராய்ந்தபோது, இரண்டாம் வகை நோயுடையோரில் ஏறக்குறைய 79 விழுக்காட்டினர் குறைந்தது பதினைந்து நாள் நோன்பு நோற்றிருந்தனர். அம்மாதத்தில் சர்க்கரை கடுமையாகத் தாழ்வதும் கடுமையாக ஏறுவதும் பன்மடங்காயின. நோயுற்றோர்க்குத் திருமறை தந்துள்ள சலுகையை நாம் அறிந்தும் ஏற்கத் தயங்குகிறோம். நோற்பவர் ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். பகலில் 70க்குக் கீழ் தாழ்ந்தாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பது அறிஞர் பலரின் முடிவு.

நோன்புக் கஞ்சியில் வெந்தயம் சேர்ப்பது நம் வழக்கம். இப்னு ஸீனாவின் மருந்துகளிலும் அது இருந்ததென்பர். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990 வாக்கில் அதை ஆராய்ந்து, சர்க்கரையைக் குறைக்கும் இயல்பு உண்டென்று கண்டனர். கஞ்சியில் விழும் ஒரு சிட்டிகைக்கு அத்தனை வலிமை இல்லை; மாத்திரைக்கு அது ஈடாகாது. கஞ்சியோடு பேரீச்சம்பழம் ஒன்றோ இரண்டோ போதும்; வடையும் சமோசாவும் சர்பத்தும் சேர்ந்தால் ஏற்றம் நிச்சயம். இஃப்தாரிலிருந்து இரண்டு மணி நேரம் என்பது பெரும்பாலும் தராவீஹ் தொழுகையின் நடுவே வந்து விழுகிறது. அத்தொழுகையின் அசைவுகளையும் உடற்பயிற்சியாகக் கணக்கில் கொள்ளுமாறு மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. எங்கள் தெருவில் சிலர் பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும், படுக்கைக்கு முன், விரலில் குத்திப் பார்த்து நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைக்கிறார்கள்.