ஒலிபெருக்கியின் பெட்டி



என் குரல் இப்போது உங்கள் செவிக்கு எட்டுவது ஒரு பெட்டியின் வழியாக. அப்பெட்டியை வெறும் அழகுக்கு அமைந்த உறை என்றே இளமையில் நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் வானொலிப் பெட்டியிலிருந்து ஒலிபெருக்கியைக் கழற்றி, மேசைமேல் வைத்துக் கேட்டேன். பாட்டு ஒலித்தது, மிருதங்கத்தின் தொப்பி ஒலி மட்டும் மறைந்து போயிற்று. அது எங்கே போயிற்று?

1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், இன்றைய ஒலிபெருக்கிகளுக்கு முன்னோடியான கூம்பு ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அக்கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போதே பின்னே நெகிழ்த்துகிறது. இவ்விரு அலைகளும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. ஆதலால் கூம்பின் விளிம்பைச் சுற்றி எளிதில் வளைந்து வந்து கலந்துவிடுகிறது. என் மிருதங்க ஒலி மறைந்த மருமம் இதுவே. பின்னலையை அடைத்து வைக்கவே பெட்டி வேண்டியதாயிற்று.

அடைப்பதோடு நில்லாமல், அதனைப் பயன்படுத்தவும் முனைந்தார் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ். பெட்டியில் தக்க அளவில் ஒரு வாயில் அமைத்து, பின்னலையை முன்னலைக்குத் துணையாக்கினார். 1932-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1954-இல் எட்கர் வில்சர் பெட்டியை இறுக மூடி, உள்ளிருக்கும் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். சிறு பெட்டியும் ஆழ்ந்த ஒலி தந்தது.

ஆயினும், வாயிலுள்ள பெட்டியை அமைப்பது நெடுங்காலம் பெரும்பாலும் செய்து பார்த்துத் திருத்தும் வேலையாகவே இருந்தது. 1961-இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் அதனைக் கணக்கின் நெறிக்குள் கொணர்ந்தார். அவர் கட்டுரை 1971-இல் அமெரிக்க இதழொன்றில் மறுபடி அச்சான பின்னரே உலகெங்கும் பரவியது. அறிவு பிறப்பது மட்டும் போதாது. உரியவர் கையை அடையவும் வேண்டும்.

பின்னர் தாழ்ந்த ஒலிக்கென்றே சப்வூஃபர் என்னும் தனிப்பெட்டி வந்தது. அதனோடு புதிய இடரும் வந்தது. நொடிக்கு 20 அதிர்வுள்ள அலையின் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். நம் வீட்டு அறைகளோ அதனினும் சிறியவை. இத்தகைய நீண்ட அலைகள் சுவர்களில் மோதித் திரும்புவதால், ஓர் இருக்கையில் முழக்கமும் மற்றோர் இருக்கையில் மௌனமும் நேர்கின்றன. டாட் வெல்ட்டி 2002-இல் இதனை ஆராய்ந்தார். செவ்வக அறையில் ஒவ்வொரு சுவரின் நடுவிலும் ஒன்றாக நான்கு சப்வூஃபர்களை வைத்தால், இருக்கைக்கு இருக்கை வேறுபாடு பெரிதும் குறையும். அதற்குமேல் எண்ணிக்கையைக் கூட்டுவதால் பயன் சிறிதே என்று கண்டார்.

ஆகவே நண்பர்களே, அறையும் ஒரு பெட்டியே. நாளை ஒலிபெருக்கி செய்ய விழைவோர், பலகையை அளக்குமுன் அறையையும் அளந்து பாருங்கள்.