கூடத்தின் நடுவே ஒரு கோடு

செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் இன்று எப்பேர்ப்பட்ட வீட்டையும் செட் போட்டு எழுப்பிவிடுகிறார்கள். ஆனால் பிரிந்து சேரும் குடும்பம் என்றதும் தமிழ் ரசிகனுக்கு முதலில் நினைவுக்கு வருவது 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வரும் அம்மையப்ப முதலியாரின் வீடுதான். அது பிறந்த இடம் நாடக மேடை.

படத்தின் விதை, விசு எழுதிய 'உறவுக்குக் கை கொடுப்போம்' நாடகம். அது 1975-லேயே ஜெமினி கணேசன், சௌகார் ஜானகி நடிக்கப் படமாகவும் வந்தது. எடுபடவில்லை. விசு கதையைக் கைவிடவில்லை. இடையில் 'குடும்பம் ஒரு கதம்பம்', 'மணல் கயிறு' என்று அவருடைய நாடகங்கள் திரைக்கு வந்து வெற்றி பெற்றன. அந்தத் தெம்போடு பழைய கதையைப் புதுப்பித்து எழுதி, தயாரிப்பாளர் ஏவி.எம். சரவணனிடம் கொண்டுபோனார்.

சரவணனுக்குக் கதை பிடித்தது. ஆனால் கனம் அதிகம் என்று பட்டது. கொஞ்சம் சிரிக்க வைக்க ஒரு பாத்திரம் வேண்டும் என்றார். அப்படி வந்து சேர்ந்தவள்தான் வேலைக்காரி கண்ணம்மா. கண்ணம்மாவாக நடித்த மனோரமாவும் கிஷ்முவும் மோதிக்கொள்ளும் காட்சியை இன்றும் வரி பிசகாமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் சொன்ன ஒரு யோசனை படத்துக்கே உயிராகிப்போன அபூர்வமான சந்தர்ப்பம் அது.

சபா மேடையில் நினைத்த நேரத்தில் ஊர் மாற முடியாது. வாசல், கூடம், உள்ளே போக ஒரு கதவு. சண்டையும் சமாதானமும் அங்கேயே நடந்தாக வேண்டும். மேடை கற்றுக்கொடுத்த அந்தக் கட்டுப்பாடே இந்தப் படத்தின் பலம் என்று நினைக்கிறேன். கொடுத்த பணத்துக்குக் கணக்குப் பேசும் மூத்த மகன் சிதம்பரமாக ரகுவரன். மானஸ்தரான அப்பா அம்மையப்ப முதலியாராக விசு. இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவிக்கும் அம்மா கோதாவரியாகக் கமலா காமேஷ். பேச்சு முற்றி, வீட்டின் நடுவே கோடு விழுகிறது. ஒரே கூரை, இரண்டு குடும்பம். சுவர் எழுப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முகம் தெரிகிறதே, அதுதான் கொடுமை.

படம் 1986 ஜூலை 18-ல் வெளியாகி வெள்ளிவிழா கண்டது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையைப் பெற்ற முதல் தமிழ்ப்படமும் இதுதான். தெலுங்கு, கன்னடம், இந்தி, மலையாளம் என்று 2 வருஷத்துக்குள் 4 மொழிகளுக்குப் போனது.

இவ்வளவுக்கும் காரணம் கண்ணீர்க் காட்சிகள் அல்ல, மூத்த மருமகள் உமா கடைசியில் எடுக்கும் முடிவு. லட்சுமி நடித்த உமா, பிரிந்தவர்களை ஒன்று சேர்க்கப் படாத பாடு படுகிறாள். சேர்ந்தும் விடுகிறார்கள். அரங்கம் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த நேரத்தில், நாங்கள் தனிக்குடித்தனம் போகிறோம் என்கிறாள். கோபித்துக்கொண்டு அல்ல, பாசம் கெடாமல் இருக்க, விடுமுறை நாளில் வந்து பார்த்துப் போகிறோம் என்று. கூட்டுக் குடும்பத்தைக் கோயிலாகக் கும்பிட்டு வந்த சினிமாவில், அதுவும் மருமகள் வாயால், அதைச் சொல்ல வைக்க விசுவுக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்!

இன்று பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கம் வரை நெடுஞ்சாலையோரம் எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளில், அப்பா அம்மாவை ஊரிலோ பழைய சென்னையிலோ விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர்களை யாரும் இப்போது வீட்டை உடைத்தவர்கள் என்று சொல்வதில்லை. உமா அன்று கேட்டதும் அதைத்தானே?