அதுக்கும் புழுங்குது

சாம்பல்தீவில் மத்தியானம் எங்கட கொம்பியூட்டர் இரையத் தொடங்கினால் அம்மம்மா சொல்லுவா: "அதுக்கும் புழுங்குது."

1981இல் வந்த ஐபிஎம் பீசிக்கு மின்வழங்கிக்குள் மட்டுமே விசிறி. 1993இல் பென்டியம் வந்த காலத்தில் விசிறி ப்ரொசெசரின் தலையிலேயே ஏறியது. ஆனால் சூடோ குளிரோ, ஒரே ஓட்டம்தான். வெப்ப உணரிகள்தான் அதை மாற்றின. எல்எம்75 என்ற சில்லு, நாங்கள் வேறு கணக்குக் கொடுக்காவிட்டால், 80 பாகையில் சமிக்ஞை கொடுக்கும். 75க்கு இறங்கினால்தான் விடும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்த 5 பாகை இடைவெளி இல்லாட்டி விசிறி நின்று நின்று ஓடும். பிறகு வந்தது நாலாவது வயர்: நொடிக்கு 25,000 மின்துடிப்பு, துடிப்பின் அகலத்துக்கேற்ற வேகம்.

என்றாலும் விசிறி அறைக்காற்றைத்தான் வீசும். அறை 33 பாகையென்றால் சில்லு அதற்குக் கீழே இறங்காது. கடற்காற்றோட வாற தூசி தகட்டை அடைத்தாலும் உணரிக்குச் சூடு மட்டும்தான் விளங்கும்; இன்னும் வேகமாகச் சுத்தச் சொல்லும். சத்தம் தாங்கேலாமல் போன வருசம் நான் வேகத்தைக் குறைத்து வைத்தேன். ஒப்படை பாதியில் திரை கறுத்துப் போச்சு. பிறகுதான் பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்தேன்.